குழுவில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் ஏன் இத்தனை கோபம்?

சர்க்கரை, ரத்த அழுத்தம் மாதிரியான தொற்றா நோய்களைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை நடந்த கூட்டத்தில் நான் கேள்வி கேட்டபோது மைக்கை வாங்கிக்கொண்டதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அந்த வீடியோவை நீங்களே பார்த்துவிட்டீர்கள், பலர் பகிர்ந்தும் விட்டீர்கள். ஆனால் நேற்று இரவு அந்தப் பதிவின் கீழே ஒருவர், "மருந்துக்கடைக்காரருக்கு இதெல்லாம் எதுக்கு? நிபுணர்கள் பார்த்துக்குவாங்க" என்று எழுதி, அதற்கு நாற்பது பேர் விருப்பக்குறி போட்டிருப்பதைப் பார்த்த பிறகு தூக்கம் வரவில்லை.

நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "தொற்றா நோய்த் தடுப்புக்கு ஆலோசனை சொல்லும் குழுக்களில் யார் யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு உணவுக் கம்பெனிகளோடு தொடர்பு உண்டா இல்லையா என்று எங்களுக்குச் சொல்வீர்களா?" அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை, யாரையும் திட்டவில்லை. கேள்வி முடிவதற்குள் மைக்கை வாங்கிக்கொண்டார்கள். மேடையில் இருந்தவர் சிரித்துக்கொண்டே சொன்ன பதிலைத்தான் நேற்று அந்த நண்பரும் எழுதியிருக்கிறார். நிபுணர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

சரி, பார்த்துக்கொள்ளட்டும். அந்த நிபுணர்கள் யார் என்று நான் தெரிந்துகொள்ளக் கூடாதா?

தேவகோட்டையில் 22 வருடமாக மருந்துக்கடை நடத்துகிறேன். ஆரம்பத்தில் சுகர் மாத்திரைக்கு ஒரு தட்டு போதும். இப்போது ஒரு அலமாரி முழுக்க சுகருக்கும் பிரஷருக்கும்தான். மாதக் கடைசி வாரத்தில் வந்து, "தம்பி, அட்டையா வேண்டாம், அஞ்சு மாத்திரை மட்டும் வெட்டிக் குடுப்பா" என்று கேட்கும் அம்மாக்களை எனக்குத் தெரியும். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று டாக்டர் எழுதியிருப்பார். அஞ்சு மாத்திரையை அவர்கள் அஞ்சு நாளைக்கு ஓட்டுவார்கள். இதை நான் எந்த ஆய்விலும் படிக்கவில்லை. கத்தரிக்கோலால் அட்டையை வெட்டிக் கொடுக்கிற கை என்னுடையது.

நிபுணர்களை நான் மதிக்கவில்லை என்று சொல்பவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இதைவிட என்னை வருத்திய குற்றச்சாட்டு வேறில்லை. 2020-ல் தமிழ்நாடு முழுவதும் ஒரு பெரிய ஆய்வு நடத்தினார்கள். 18 முதல் 69 வயது வரை உள்ளவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு ரத்த அழுத்தம், 17.6 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். அதில் நோயைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? ரத்த அழுத்தத்தில் 7.3 சதவீதம், சர்க்கரையில் 10.8 சதவீதம். இந்தக் கணக்கை எடுத்து வெளியே சொன்னவர்கள் நிபுணர்கள்தான். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. என் கடைக்கு வந்து அஞ்சு மாத்திரை வாங்கிய அம்மாக்களில் பாதிப் பேருக்கு இன்று வீட்டுக்கே மாத்திரை வருகிறது. எனக்கு வியாபாரம் குறைந்ததுதான். அதற்காக நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. 2024-ல் அந்தத் திட்டத்துக்கு ஐ.நா. விருது கிடைத்தபோது என் கடை வாசலில் மிட்டாய் கொடுத்தேன், பழைய நண்பர்களுக்கு நினைவிருக்கும்.

ஆக, நிபுணர்கள் வேண்டும். நிபுணர் இல்லாமல் இந்த நோய்களை யாராலும் கட்டுப்படுத்த முடியாது. எண்ணெய், வனஸ்பதியில் இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பை 2021-ல் 3 சதவீதமாகவும் 2022-ல் 2 சதவீதமாகவும் குறைக்கச் சொன்னார்களே, அதெல்லாம் நிபுணர்கள் எடுத்துச் சொல்லி நடந்ததுதான். நான் கேட்பது, நிபுணர் யாருக்காகப் பேசுகிறார் என்பதை மட்டும்தான்.

பாக்கெட்டின் முன்பக்க எச்சரிக்கை விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். சர்க்கரை, உப்பு, கொழுப்பு அதிகம் என்றால் அதை முன்பக்கத்திலேயே பார்த்தவுடன் தெரிகிற மாதிரி போட வேண்டும். பத்து வயதுப் பையனுக்கும் புரிகிற விஷயம் இது. 2014-லேயே ஒரு நிபுணர் குழு முன்பக்க விவரம் வேண்டும் என்று சொல்லியாயிற்று. 2018 ஏப்ரலில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (FSSAI) விதி வரைவு வந்தது, அளவு மீறினால் சிவப்பு நிறம் என்று. கம்பெனிகள் எதிர்த்தன. உடனே அந்த வரைவை மறுபடி பார்க்க 3 பேர் கொண்ட ஒரு நிபுணர் குழு. 2019-ல் இன்னொரு வரைவு. 2022 செப்டம்பரில் பார்த்தால் சிவப்பே காணாமல் போய், நட்சத்திரம் வந்துவிட்டது! அரை நட்சத்திரம் முதல் ஐந்து நட்சத்திரம் வரை. சர்க்கரைக்கு மதிப்பெண்ணைக் குறைப்பார்களாம், நார்ச்சத்தும் புரதமும் கொஞ்சம் சேர்த்திருந்தால் கூட்டிக்கொடுப்பார்களாம். சர்க்கரை நோயாளிக்குத் தெரிய வேண்டியது சர்க்கரை எவ்வளவு என்பதுதான். அதில் போட்ட புரதம் அந்தச் சர்க்கரையை எடுத்துவிடுமா?

அந்த வரைவுக்கு 14 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கருத்துகள் போயின. என் கடை முகவரியிலிருந்து போனதும் அதில் ஒன்று. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், நிபுணர் குழு 3 மாதத்தில் பரிந்துரையைத் தர வேண்டும் என்றது. 3 மாதம் கழித்து மேலும் 3 மாதம் அவகாசம் கேட்டு வாங்கினார்கள். 2014-ல் பிறந்த குழந்தை இன்று நடுநிலைப் பள்ளியில் படிக்கிறது.

சிலி நாட்டில் 2016-லேயே பாக்கெட்டில் கறுப்பு எண்கோண முத்திரையைக் குத்திவிட்டார்கள். முத்திரை விழுந்த பானங்களை மக்கள் வாங்கிய அளவு முதல் கட்டத்திலேயே 23.7 சதவீதம் குறைந்தது. ஒரு நாட்டுக்கு இது முடிகிறது என்றால் நமக்கு ஏன் முடியவில்லை? நாம் ஏன் குழு மேல் குழு போட்டுக்கொண்டே இருக்கிறோம்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனால் திரும்பவும் அதே இடத்தில்தான் வந்து நிற்கிறேன். அந்த அறையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

இது என் கற்பனைச் சந்தேகம் இல்லை. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, அறிவியல் குழுக்களில் சுதந்திரமான அறிவியல் நிபுணர்கள் இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் குளிர்பானக் கம்பெனி, உணவுக் கம்பெனி ஆட்களே அந்தக் குழுக்களில் உட்கார்ந்திருந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. குழுக்களைச் சட்டப்படி திருத்தி அமைக்கச் சொல்லி 2011 பிப்ரவரியில் உத்தரவு வந்தது. உலக அளவிலும் இதே கதைதான். உலக சுகாதார நிறுவனம் தொற்றா நோய்களுக்காக ஓர் உயர்மட்ட ஆணையம் அமைத்தது. 2018 ஜூனில் அறிக்கை வந்தபோது இனிப்புப் பானங்கள் மீதான வரி அதில் இல்லை. ஆணையர்கள் பலர் ஆதரித்தும் கருத்து ஒன்றாகவில்லை, அதனால் சேர்க்க முடியவில்லை என்று அறிக்கையிலேயே எழுதியிருந்தார்கள். பலர் ஆதரித்தும் சேர்க்கவில்லை!

"தொழில்துறையைக் கேட்காமல் சட்டம் போட முடியுமா, அவர்களை அழைக்கச் சொல்லி அதே 13-ஆம் பிரிவிலேயே இருக்கிறதே" என்று ஒரு வழக்கறிஞர் நண்பர் உள்பெட்டியில் கேட்டார். உண்மைதான், இருக்கிறது. நியாயமான கேள்வியும்கூட. கம்பெனிகள் வரட்டும், தங்கள் கஷ்டத்தைச் சொல்லட்டும், எழுதிக் கொடுக்கட்டும். இயந்திரத்தை மாற்ற, உறையை மாற்ற எத்தனை மாதம் ஆகும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் அதே வரியில் நுகர்வோர் பிரதிநிதிகளையும் அழைக்க வேண்டும் என்று இருக்கிறது. அதை மட்டும் ஏன் யாரும் எனக்கு எடுத்துக் காட்டுவதில்லை? அப்புறம், அழைத்துக் கேட்பது வேறு, கூடவே உட்கார்ந்து முடிவெடுப்பது வேறு. புகையிலை விஷயத்தில் உலகமே இதை ஒப்புக்கொண்டது. புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் 5.3-ஆம் பிரிவு, கம்பெனிகளின் நலனிலிருந்து கொள்கையைக் காப்பாற்று என்கிறது. நாமும் அதில் கையெழுத்துப் போட்டவர்கள்.

"மக்கள்தான் நாக்கைக் கட்டுப்படுத்த வேண்டும்" என்று எழுதியவர்களுக்கு என்னிடம் நீண்ட பதில் இல்லை. பாக்கெட்டின் பின்பக்கம், கடுகு அளவு எழுத்தில், ஆங்கிலத்தில் இருப்பதை அறுபது வயது அம்மாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிவிட்டு வந்து பேசுங்கள்.

"நீயே வியாபாரிதானே, உன் கடையிலும் பிஸ்கட்டும் டானிக்கும் தொங்குகிறதே" என்று கேட்டிருக்கிறார்கள். ஆமாம், தொங்குகிறது. அதனால்தான் எனக்கு இது தெரியும். ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்ட இனிப்புப் பானங்களை நானும் விற்றேன். வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்குக் கொடுக்க வேண்டிய கரைசலில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்லியிருக்கிறது. அந்த அட்டைப்பெட்டிப் பானத்தில் சர்க்கரை அதைப் போலப் பல மடங்கு. மருந்துக்கடையிலேயே அதையும் அடுக்கி வைத்தால் வாங்குகிறவருக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்? 2022 ஏப்ரலில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தில் அந்தப் பெயரைப் போடக்கூடாது என்றார்கள். ஜூலையிலேயே, ஒரு எச்சரிக்கை வரி சேர்த்தால் போடலாம் என்று இறங்கிவிட்டார்கள். ஹைதராபாத்தில் சிவரஞ்சனி சந்தோஷ் என்ற குழந்தை மருத்துவர் எட்டு வருடம் தனியாளாகப் போராடி, 2025 அக்டோபர் 14-ஆம் தேதிதான் அந்த அனுமதி ரத்தானது. எத்தனை குழுக்கள் இருந்தன அந்த எட்டு வருடத்தில்! செய்து முடித்தது வெளியே நின்ற ஒரு டாக்டர். அந்த டாக்டரின் வீடியோவைப் பார்த்த அன்றே என் தட்டிலிருந்து எல்லாவற்றையும் இறக்கினேன். இறக்கும்போது கை கூசியது. எத்தனை பேருக்கு எடுத்துக் கொடுத்திருப்பேன்.

இனி எழுதப்போவதை எழுதலாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன்.

என் அப்பா பஸ் கண்டக்டர். 48 வயதில் சர்க்கரை என்று தெரிந்தது. அப்பாவைப் போல வாயைக் கட்டியவரை நான் பார்த்ததில்லை. தீபாவளிக்கு அதிரசத்தைத் தொட மாட்டார், காபியில் சீனி கிடையாது. சோறு குறைந்துபோய் இளைத்துவிட்டாரே என்று, அம்மா தினமும் ராத்திரி ஒரு டம்ளர் பாலில் சத்து பானப் பொடி கலக்கிக் கொடுத்தார். டப்பாவின் முன்னால் பெரிதாக எலும்புக்குப் பலம், உடம்புக்குச் சத்து என்று இருந்தது. "சீனி போடாமத்தானே கலக்குறேன்" என்பார் அம்மா. ஏழு வருடம். அந்தப் பொடியில் மூன்றில் ஒரு பங்கு சர்க்கரை. மருந்தாளுநர் படிப்பு படித்த மகன், அதே வீட்டில், அதே டப்பாவைத் தினமும் பார்த்துக்கொண்டு நான் இருந்தேன். ஒரு நாளும் திருப்பிப் பார்க்கவில்லை. முன்பக்கத்தை நம்பினேன்.

பொடி மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. டாக்டர்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும், இந்த நோய்க்கு ஒரே காரணம் என்று ஒன்று கிடையாது. ஆனால் அப்பாவின் சர்க்கரை ஏன் இறங்கவே மாட்டேன் என்கிறது என்று ஒவ்வொரு மாதமும் தலையைப் பிய்த்துக்கொண்டோம். செருப்பு கடித்த சின்னப் புண் ஆறவில்லை. முதலில் விரல், அப்புறம் முழங்காலுக்குக் கீழே. 25 வருடம் ஓடும் பஸ்ஸில் பிடிமானம் இல்லாமல் நின்று டிக்கெட் கிழித்தவர், கட்டிலிலிருந்து இறங்க என் தோளைப் பிடிப்பார். பிடிக்கும்போது ஒவ்வொரு தடவையும் "சிரமம் குடுக்கிறேன்ப்பா" என்பார். இரண்டு வருடத்தில் போய்விட்டார்.

அம்மா இன்னும் அந்த டப்பாவை வைத்திருக்கிறார், மிளகாய் வற்றல் போட்டு. நல்ல மூடி என்று சொல்கிறார். நான் அவரிடம் அந்தச் சர்க்கரைக் கணக்கை இதுவரை சொல்லவில்லை. அவர் முகநூலில் இல்லை. சொந்தக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து அவரிடம் சொல்லாதீர்கள்.

இப்போது சொல்லுங்கள், எனக்கு இதெல்லாம் எதுக்கு என்று.

முன்பக்கத்தில் என்ன போடலாம், என்ன போடக்கூடாது என்று முடிவு செய்யும் மேசையில் ஒரு நாற்காலி என் அம்மா மாதிரி ஒருவருக்கு இருந்திருந்தால், "சீனி போடாமத்தானே கலக்குறேன்" என்ற ஒரு வாக்கியத்தை அந்த நிபுணர்கள் கேட்டிருப்பார்கள். பத்து ஆய்வறிக்கை சொல்லாததை அது சொல்லியிருக்கும். நிபுணர்களின் இடத்தை யாரும் பிடுங்கவில்லை. பக்கத்தில் ஒரு நாற்காலி போடுங்கள் என்கிறேன். பொருளை விற்கிறவர் அங்கே இருந்தால் அதை எங்களுக்குச் சொல்லுங்கள் என்கிறேன்.

மேடையில் சிரித்தவர் மீது எனக்குக் கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன். எழுத முடியவில்லை. கோபம் இருக்கிறது.

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் எழுந்து உட்கார்ந்து தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதினேன். மூன்று கேள்விகள். முன்பக்க விவரத்தைப் பற்றி முடிவு செய்யும் குழுவின் உறுப்பினர்கள் யார்? அவர்களுடைய கம்பெனித் தொடர்புகளைப் பற்றி எழுதி வாங்கியிருக்கிறீர்களா, இருந்தால் நகல் வேண்டும். அந்தக் குழுவின் கூட்டங்களுக்கு இதுவரை அழைக்கப்பட்ட நுகர்வோர் பிரதிநிதிகள் எத்தனை பேர், கம்பெனிப் பிரதிநிதிகள் எத்தனை பேர்?

10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் இணைத்து நாளைக் காலையில் கடை திறப்பதற்கு முன்னால் விரைவுத் தபாலில் சேர்த்துவிடுவேன். 30 நாளில் பதில் வர வேண்டும். வந்ததும் முழுசாக இங்கேயே போடுகிறேன். இதே மனுவைத் தங்கள் பெயரில் அனுப்ப நினைப்பவர்கள் கேளுங்கள், உள்பெட்டியில் அனுப்புகிறேன்.