ஜனவரி 1-இல் பிறந்தவர்கள்

போன ஜனவரி 1 அன்று என் வகுப்பில் படிக்கும் ஆப்கான் அகதிப் பையன் ஒருவனுக்கு 18 முடிந்தது. உண்மையில் என்றைக்குப் பிறந்தான் என்று அவனுக்கே தெரியாது. பிறந்த நாள் தெரியாத ஆப்கான் பிள்ளைகள் பலருக்குக் காகிதத்தில் ஜனவரி 1 என்றுதான் இருக்கும். அந்தத் தேதி வந்ததும், முந்தின நாள்வரை சிறுவன் என்று பார்த்துக்கொண்டவர்கள் 'இனி நீயே சமாளி' என்று விட்டுவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தில்லியின் போகல் பகுதியில் இந்தப் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் கணக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தப் பையன் என்னைக் 'காலா' என்று கூப்பிடுவான். ஆப்கானியர்கள் பேசும் தாரி மொழியில் அம்மாவின் கூடப்பிறந்தவள், நம் சித்தி. சித்தி என்று அழைத்தவனோடு அறை தேடி அலைந்த கதையைத்தான் எழுதுகிறேன்.

லாஜ்பத் நகரிலிருந்து ஹௌஸ் ராணி வரை பதினோரு வீடு ஏறி இறங்கினோம். எல்லா இடத்திலும் முதல் கேள்வி, 'ஆதார் இருக்கா?' 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை, அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் இல்லை. இவன் போன்றவர்களின் விண்ணப்பத்தைத் தில்லியில் ஐ.நா. அகதிகள் ஆணையம் பார்க்கிறது. பரிசீலனையில் இருக்கும்வரை ஒரு தாள், ஏற்றுக்கொண்டால் ஒரு அட்டை. அட்டை கிடைத்தாலும் அதை வைத்து ஆதார் வாங்க முடியாது. ஒரு வீட்டுக்காரர் டீ கொடுத்து, சரி என்று சொல்லி, ராத்திரி போன் செய்து வேண்டாம் என்றார். போலீஸ் சரிபார்ப்பை நினைத்து வீட்டில் பயப்படுகிறார்களாம். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் பக்கத்தில் நின்ற அவன் முகம் இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

இந்தப் பிள்ளைகள் தன் காலில் நிற்கட்டும் என்று நடத்தும் கணினி வகுப்பு, தையல் வகுப்பு எல்லாம் நல்லதுதான், வேண்டியதுதான். ஆனால் வாடகை அறைக்கென்று தனியாக வைக்கும் சப்-மீட்டரில் கரண்ட் யூனிட் எப்படிப் பார்ப்பது, வாடகை கொடுத்தால் ரசீது கேட்க வேண்டும், சஃப்தர்ஜங் மருத்துவமனைக்கு விடியற்காலையிலேயே போய் வரிசையில் நிற்க வேண்டும், இதையெல்லாம் எந்த வகுப்பில் சொல்லித் தருகிறார்கள்? என் மகன் 24 வயதில் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்தபோது அட்வான்ஸ் நான் கட்டினேன், குக்கர் நான் வாங்கிக் கொடுத்தேன். ரசத்துக்கு எவ்வளவு புளி என்று வாரம் மூன்று முறை கேட்பான். அவனை யாரும் 'தன் காலில் நிற்கத் தெரியாதவன்' என்று சொல்லவில்லையே.

காப்பகத்திலிருந்து 18 வயதில் வெளியே வருகிறவர்களை 21 வயதுவரை தாங்கிப்பிடிக்க நம் 2015 சிறார் நீதிச் சட்டமே வழி வைத்திருக்கிறது. பதினெட்டு போதாது என்று சட்டத்துக்கே தெரிந்திருக்கிறது. அகதிப் பிள்ளைக்கு மட்டும் எப்படிப் போதும்?

1989-இல் நாங்கள் தில்லி முனிர்காவில் அறை தேடியபோது 'மதராசியா' என்று கேட்டுக் கதவைச் சாத்தினார்கள். கடைசியில் ஒரு தமிழ்க் குடும்பம் எங்களுக்காக வீட்டுக்காரரிடம் பேசி உத்தரவாதம் கொடுத்தது. அதனால்தான் இதை நம் ஆட்களிடம் கேட்கிறேன்.

இவனுக்குப் பன்னிரண்டாவது வீட்டில் மாடியறை கிடைத்துவிட்டது, நான் உத்தரவாதம் கொடுத்த பிறகு. என் வகுப்பில் இன்னும் இரண்டு பேருக்கு வரும் ஜனவரி 1-இல் 18 ஆகிறது. ஜங்புரா, மாளவியா நகர் பக்கம் அறை வாடகைக்கு விடுகிறவர்கள் இருந்தால் உள்பெட்டியில் எழுதுங்கள். போலீஸ் சரிபார்ப்பு செய்துதான் கொடுங்கள், நானும் கூட வருகிறேன். அறை இல்லாதவர்கள் ஒரு பிள்ளைக்குத் தங்கள் போன் நம்பரைக் கொடுங்கள். ராத்திரி காய்ச்சல் வந்தால் கூப்பிட அவனுக்கு ஒருவர் வேண்டும்.