எந்த ஜர்னல்ல சீக்கிரம் போடுவாங்க?

போன வாரம் ராத்திரி பத்து மணிக்குப் பழைய மாணவி ஒருத்தியிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. "மேம், பேப்பர் ரெடி. எந்த ஜர்னல்ல சீக்கிரம் போடுவாங்க?" கூடவே 31 பக்க ஆய்வுக் கட்டுரை, வேர்டு ஃபைலாக. திறந்தேன். 13 அட்டவணைகள். ஆண்-பெண், ஊரகம்-நகர்ப்புறம், அரசு-தனியார், தமிழ்வழி-ஆங்கிலவழி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு டி-டெஸ்ட், அதாவது இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் சோதனை. ஒவ்வொன்றின் கீழும் "குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை".

கல்வியியல் துறைக்காரர்களுக்கு இந்நேரம் சிரிப்பு வந்திருக்கும். நம் எம்.எட். ஆய்வேடுகளில் பெரும்பாலானவை இந்த அச்சில் வார்த்தவைதானே. என்னுடையதும் அப்படித்தான், மறைப்பானேன். அவளுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுகொண்டே போனது. சரி, இங்கேயே போட்டுவிடலாம்.

முதலில் அந்தச் "சீக்கிரம்". அவளைக் குறை சொல்ல மனம் வரவில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறைப்படி, கல்லூரி ஆசிரியர்களின் வேலை, பதவி உயர்வுக் கணக்கில் கல்வியியல் கட்டுரை ஒன்றுக்கு 10 மதிப்பெண். இரண்டு பேர் சேர்ந்து எழுதினால் ஆளுக்கு 70 சதவீதம். இப்படி ஒரு கணக்கு வந்துவிட்டால் கட்டுரை ரேஷன் கார்டு மாதிரி ஆகிவிடுகிறது. ஒரு பெயரைச் சேர்க்கலாம், நீக்கலாம். என் முதல் கட்டுரையில் ஒருவரின் பெயர் இருக்கிறது. அதில் ஒரு வரிகூட அவர் எழுதியதில்லை. அச்சான பிறகாவது படித்தாரா என்பதும் சந்தேகம்தான். பிஎச்டி ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை 2022 நவம்பரில் வந்த விதிமுறை எடுத்துவிட்டது. விதி போனது, பயம் போகவில்லை.

அப்புறம் பட்டியல். 2018 மே மாதம் யுஜிசி தான் அங்கீகரித்த இதழ்களின் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை ஒரே நாளில் நீக்கியது. அடுத்த வருடம் கேர் (CARE) என்ற புதிய பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் நிறுத்திவிட்டு, சில அளவுகோல்களைக் கொடுத்து, இனி நீங்களே பார்த்துத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் அன்றைக்கு ஒரே புலம்பல், இனி எதைப் பார்த்து அனுப்புவது என்று. இதழைப் பார்த்துத்தான், வேறு எதைப் பார்ப்பது? நான் இப்படிக் கேட்டதற்கு யாரும் ஒரு கட்டைவிரல்கூட உயர்த்தவில்லை.

ஆனால் பட்டியல் இருந்த காலத்திலும் அது நம்மைக் காப்பாற்றிவிடவில்லை. பட்டியலில் இருந்த நல்ல இதழ்களின் பெயரிலேயே போலி இணையதளம் நடத்திப் பணம் பிடுங்கினார்கள். என் தோழி ஒருத்தி அப்படி ஒன்றில் ஏமாந்தாள். பணம் கட்டிய மூன்றாம் நாள் "ஏற்கப்பட்டது" என்று சான்றிதழ் வந்தது. மூன்று நாளில் எந்த மதிப்பாய்வாளர் எட்டாயிரம் வார்த்தையைப் படித்துக் கருத்துச் சொல்கிறார்? 2013இல் ஜான் போஹனன் என்ற அறிவியல் பத்திரிகையாளர், வேண்டுமென்றே ஓட்டைகளோடு ஒரு பொய்க் கட்டுரையை எழுதி யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய 304 திறந்த அணுக்க (ஓப்பன் ஆக்சஸ்) இதழ்களுக்கு அனுப்பிப் பார்த்தார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. அவற்றில் பெரிய பதிப்பகங்களின் இதழ்களும் இருந்தன. அதனால் இணையதளத்தின் பளபளப்பைப் பார்க்காதே, உள்ளே இருக்கும் கட்டுரைகளைப் படி என்கிறேன். இன்னொன்று, நல்ல இதழ் என்றாலே பணம் கட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சந்தாவில் நடக்கும் இதழ்களில் பல எழுதுபவரிடம் காசு கேட்பதில்லை.

இனி என் கதை. பிஎச்டி முடித்த கையோடு, 240 பக்க ஆய்வேட்டை 22 பக்கமாக வெட்டி ஒரு வெளிநாட்டுக் கல்வி இதழுக்கு அனுப்பினேன். ஆறே நாளில் திரும்பிவிட்டது. மதிப்பாய்வாளர் கைக்கே போகவில்லை. இதழாசிரியர் நான்கு வரி எழுதியிருந்தார். நீங்கள் ஒரு ஆய்வு செய்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது, ஆனால் இந்த இதழில் நடந்துவரும் எந்தப் பேச்சோடும் இது சேரவில்லை என்பது சாரம். எனக்குக் கோபமான கோபம். நம்ம ஊர் என்றால் இளக்காரம் என்று கணவரிடம் அரை மணி நேரம் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தப் பத்திரிகையை நீ படிப்பியா?" என்றார்.

படித்ததில்லை. ஒரு கட்டுரைகூட முழுசாகப் படித்ததில்லை. தேடலில் வந்தது, பெயர் பிடித்திருந்தது, அனுப்பிவிட்டேன். முன்பின் தெரியாத கல்யாண வீட்டுக்குள் போய், சாப்பாட்டுப் பந்தியில் என் ஆய்வேட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்த மாதிரி.

அப்புறம் அந்த இதழின் இரண்டு வருடத்து வெளியீடுகளை எடுத்து வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் இல்லை, சுருக்கங்களையும் முன்னுரைகளையும் மட்டும் படித்தேன். ஒரு மாதம் ஆனது. எல்லாக் கட்டுரைகளும் ஒரு ஆளுக்குப் பதில் சொல்வது போலத் தொடங்கின. இன்னார் இப்படிச் சொன்னார், ஆனால் இந்த இடத்தை அவர் பார்க்கவில்லை, நான் அதைப் பார்த்தேன் என்று. என் கட்டுரை எப்படித் தொடங்கியிருந்தது தெரியுமா? "கல்வி என்பது மனிதனின் முழு ஆளுமையை வளர்ப்பதாகும்." இதை மறுத்து யார் சண்டைக்கு வரப்போகிறார்கள்?

இரண்டாவது கட்டுரைக்கு நான் எடுத்துக்கொண்டது ஒரு ஈராசிரியர் பள்ளி. தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் தொடங்கியது நினைவிருக்கும். 2025க்குள் எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் எல்லோரும் பொருள் புரிந்து படிக்கவும், அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்பது அப்போது வைத்த இலக்கு. ஒன்று முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து உட்கார வைப்பார்கள். மூன்று வகுப்பு, மூன்று நிலை, ஒரே அறை, ஒரே டீச்சர். திட்டம் பயன் தருகிறதா என்று முன்தேர்வு, பின்தேர்வு வைத்துக் கேட்டால் மறுபடியும் டி-டெஸ்ட்தான். நான் கேட்டது சின்னக் கேள்வி: ஒரு பிள்ளையை மொட்டிலிருந்து மலருக்கு ஏற்றலாம் என்று அந்த டீச்சர் எதை வைத்து முடிவு செய்கிறார்? பல நிலைப் பிள்ளைகள் உள்ள வகுப்பில் மதிப்பீடு எப்படி நடக்கிறது என்ற பேச்சு அந்த இதழில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு உட்கார இடம் கிடைத்தது.

அங்கேதான் மொழி வந்து இடித்தது. அந்த டீச்சர் ஒரு நாள் சொன்னார்: "செயலியில மலருக்கு ஏத்திட்டேன் மேடம், ஆனா என் கண்ணுக்கு அவன் இன்னும் மொட்டுலதான் இருக்கான்." ஆங்கிலத்தில் இதை நான் எப்படி எழுதினேன் என்றால், பதிவான நிலைக்கும் ஆசிரியரின் கணிப்புக்கும் இடையே முரண்பாடு காணப்பட்டது என்று. டீச்சரும் இல்லை, பையனும் இல்லை. மதிப்பாய்வாளர் ஓரத்தில், டீச்சர் உண்மையில் என்ன சொன்னார் என்று கேட்டிருந்தார். அதன் பிறகு அவர் பேச்சை அப்படியே கொடுத்து, கீழே மொழிபெயர்ப்பு சேர்த்தேன். அந்த ஒரு வரிக்காகவே தலைப்பும் மாறியது. வெளியான பிறகு அதை டீச்சரிடம் தமிழில் வாசித்துக் காட்டினேன். "இந்த ரெண்டாவது இடத்துல நான் சொன்னது இது இல்லையே மேடம்" என்றார். அனுப்பும் முன்பே காட்டியிருக்க வேண்டும். இன்னும் உறுத்துகிறது.

அனுமதி விஷயத்தில் நம் பழக்கம் தலைமையாசிரியரிடம் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு என்ற ஒன்றே இல்லாத பி.எட். கல்லூரிகள் எத்தனையோ. ஆனால் வெளியே உள்ள இதழ்கள், யார் அனுமதித்தார்கள், பெற்றோர் சம்மதித்தார்களா, பிள்ளையிடமே கேட்டீர்களா என்று கேட்கும். தரவு எடுத்து முடித்த பிறகு இதை வாங்க முடியாது. பள்ளியின் பெயரை மறைத்துவிட்டு, "ஒன்றியத்திலேயே மலையடிவாரத்தில் உள்ள ஒரே பள்ளி" என்று எழுதுவதிலும் பிரயோஜனம் இல்லை.

நம் பெயரையும் மறைக்க வேண்டும். இருபுறமும் பெயர் தெரியாத மதிப்பாய்வு என்றால் முதல் பக்கத்தில் பெயரை எடுத்தால் மட்டும் போதாது. ஃபைலின் உள்விவரத்தில் இருக்கும், நன்றியுரையில் இருக்கும், "எனது முந்தைய ஆய்வில்" என்ற வரியிலும் இருக்கும்.

பெயர் என்றதும் ஒரு கிளைக்கதை. சமர்ப்பிக்கும் தளத்தில் குடும்பப் பெயரை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக விடாது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியலை விரித்து அப்பா பெயரைப் போட்டேன். இப்போது என்னை மேற்கோள் காட்டுகிறவர்கள் எல்லோரும் என் அப்பாவைக் காட்டுகிறார்கள். பத்தாவது தாண்டாத மனிதர், இன்று சர்வதேசக் கல்வியாளர். அதற்கு முந்தைய கட்டுரையில் என் பெயரே குடும்பப் பெயராகப் போயிருந்தது, ஆக நான் இரண்டு ஆள். முதல் கட்டுரைக்கு முன்பே பெயரை ஒரே வடிவத்தில் முடிவு செய்துகொண்டு, ஆய்வாளரை அடையாளம் காட்டும் ஆர்க்கிட் (ORCID) எண் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இலவசம்தான்.

மேற்கோள் பட்டியலை ஏபிஏ (APA) என்ற மேற்கோள் முறையின் ஏழாம் பதிப்பின்படி கையால் சரிபார்ப்பது எரிச்சலான வேலை. ஆனால் செய்தே ஆக வேண்டும், அதுவும் இப்போது. சமீபத்தில் எனக்கு மதிப்பாய்வுக்கு வந்த ஒன்றில் நான்கு மேற்கோள்கள் உலகத்திலேயே இல்லாதவை. ஐந்தாவது, நான் எழுதாத கட்டுரை, என் பெயரில்! சாட்ஜிபிடியிடம் ஆங்கிலத்தைச் சரிசெய்யக் கொடுப்பது வேறு, அதுவே படித்ததாக நம்பிப் பட்டியல் வாங்குவது வேறு. பயன்படுத்தியிருந்தால் சொல்லிவிடுங்கள். பெரும்பாலான இதழ்கள் இப்போது அதற்கென்றே ஒரு பத்தி கேட்கின்றன.

அந்த இரண்டாவது கட்டுரைக்கு வந்த கருத்துகள் 41. திருத்தி மறுபடி அனுப்பவும் என்று மின்னஞ்சல். பார்த்ததும் அழுகை வந்தது. நிராகரித்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். என் நெறியாளர்தான் போனில் சிரித்தார், "இது நல்ல செய்தி, முதல்ல தூங்கு" என்று. மறுநாள் 41க்கும் ஒரு அட்டவணை போட்டேன். மதிப்பாய்வாளர் சொன்னது, நான் செய்தது, எந்தப் பக்கம். எல்லாவற்றுக்கும் தலையாட்டவில்லை. ஒருவர் ஒப்பீட்டுக் குழு எங்கே என்று கேட்டிருந்தார். இது சோதனை ஆய்வு இல்லை, ஒரு வகுப்பறையைக் கூர்ந்து பார்த்த ஆய்வு, அதனால் ஒப்பீட்டுக் குழுவுக்கு வேலை இல்லை என்று மரியாதையாக இரண்டு பத்தி எழுதினேன். ஏற்றுக்கொண்டார்கள்.

அனுப்பிய நாளிலிருந்து வெளியான நாள் வரை 14 மாதம். அதற்கிடையில் இன்னொரு இதழுக்கும் அதையே அனுப்பி வைக்கக் கூடாது, அது பெரிய தப்பு. ஆக, சீக்கிரம் போடுகிற இதழ் எதுவென்று என்னிடம் பதில் இல்லை.

இதையெல்லாம் கொஞ்சம் சுருக்கி அவளுக்கு அனுப்பினேன். மூன்று நாள் சத்தமே இல்லை. கோபித்துக்கொண்டாள் என்று நினைத்தேன். நேற்று எழுதியிருந்தாள்: "மேம், 11 டேபிளைத் தூக்கிட்டேன். தமிழ்வழிப் பிள்ளைங்க கேள்வித்தாள்ல ஏழாவது கேள்வியை மட்டும் பாதிப் பேர் காலியா விட்டிருக்காங்க. இப்பதான் கவனிக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை அந்த விடைத்தாள் கட்டோடு வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.