மூன்று தோல்விக்குப் பிறகு நான் கேட்ட கேள்வி

2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் பெண்கள் ஹாக்கி அணி முதல் மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. நெதர்லாந்திடம் 1-5, ஜெர்மனியிடம் 0-2, பிரிட்டனிடம் 1-4. மூன்றாவது ஆட்டம் முடிந்ததும், பயிற்சியாளரைப் பற்றி, "இத்தனை நாளா இந்த மரைன் என்னதான் சொல்லிக்கொடுத்தார்?" என்று நண்பர்களிடம் நானும் கேட்டேன். கோபத்தில் கேட்ட கேள்வி. அது தப்பு என்று பிறகுதான் புரிந்தது.

அந்த நெதர்லாந்து ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பாதி ஆட்டம் முடிந்தபோது 1-1. உலகின் முதல்நிலை அணியை அரை மணி நேரம் சரிக்குச் சரியாகப் பிடித்து வைத்திருந்தார்கள். இதே அணிதான் 2016 ரியோவில் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காமல் 12-வதாக, கடைசியாக வந்தது. அங்கிருந்து பார்த்தால் அந்த 1-1 பெரிய விஷயம். நான் பார்த்தது கடைசியில் வந்த 1-5-ஐ மட்டும்தான்.

அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். அயர்லாந்து ஆட்டத்தில் கோல் போட நல்ல வாய்ப்பான பெனால்டி கார்னர்கள் வந்துகொண்டே இருக்கின்றன, கோல் மட்டும் விழவில்லை. 57-வது நிமிஷத்தில் நவ்நீத் கோல் போடுகிறார். அறுபது நிமிஷ ஆட்டத்தில் கடைசி மூன்று நிமிஷம் வரை கால் தளராமல் எதிரணியின் 'டி'க்குள், அதாவது கோலுக்கு முன்னால் உள்ள வளைவுக்குள், ஓடிக்கொண்டே இருந்ததால் வந்த கோல் அது. மறுநாளே தென்னாப்பிரிக்காவை 4-3, வந்தனாவின் ஹாட்ரிக். காலிறுதியில் ஆஸ்திரேலியாவை 1-0. அந்த உடல்தகுதி மூன்று நாளில் வந்ததா? வருஷக்கணக்கில் செய்த வேலை, தோற்ற ஆட்டங்களுக்குள்ளும் அது இருந்தது.

அதனால், புதிதாகக் கட்டப்படும் அணியின் பயிற்சியாளரை எடைபோட நான் முதலில் பார்ப்பது கடைசி குவார்ட்டரை, அதாவது கடைசிப் பதினைந்து நிமிஷத்தை. மூச்சு வாங்குகிறார்களா, இல்லை அப்போதும் பந்தைத் துரத்துகிறார்களா? அடுத்து, தடுப்பில் போன வருஷம் விட்ட அதே இடைவெளியை இந்த வருஷமும் விடுகிறார்களா? இளம் வீரர்களை இக்கட்டான நேரத்தில் நம்பி இறக்குகிறாரா, அல்லது 4-0 ஆன பிறகு பெயருக்கு இறக்குகிறாரா? இந்த மூன்றாவது கேள்வி எனக்கு ரொம்ப முக்கியம். பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பவர்களை வைத்து எதிர்காலத்தைக் கட்ட முடியாது.

ஆண்கள் அணியில் நாம் இதற்கெல்லாம் நேரமே கொடுக்கவில்லை. பயிற்சியாளர் டெர்ரி வால்ஷ் 2014 ஆசிய விளையாட்டுத் தங்கம் வாங்கிக் கொடுத்தார், அந்த வருஷமே போய்விட்டார். வான் ஆஸ் சில மாதங்கள்தான். 2017-ல் ஓல்ட்மன்ஸ் நீக்கப்பட்டார். பெண்கள் அணியைக் கையில் எடுத்து ஒரு வருஷம்கூட ஆகாத மரைனை அந்த இடத்துக்குத் தூக்கிப் போட்டு, 2018-ல் திரும்பப் பெண்கள் அணிக்கே அனுப்பினார்கள். இப்படிப் பந்தாடினால் எந்த அணி உருப்படும்? ஒரு புது ஆட்டமுறை வீரர்களின் காலில் ஊறவே இரண்டு வருஷம் ஆகுமே!

2019-ல் வந்த கிரஹாம் ரீடுக்கு அந்த நேரம் கிடைத்தது. டோக்கியோவில் ஆஸ்திரேலியாவிடம் 1-7 என்று அடி வாங்கிய அன்று அவரையும் திட்டாத ஆள் இல்லை. பதினோரு நாள் கழித்து ஜெர்மனியிடம் 1-3 என்று பின்தங்கி, 5-4 என்று ஜெயித்து, 41 வருஷத்துக்குப் பிறகு ஒலிம்பிக் பதக்கம். கடைசி சில வினாடிகளில் ஜெர்மனிக்குப் பெனால்டி கார்னர், கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் தடுத்தார். இப்போது நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது.

அதற்காக, "கட்டிக்கொண்டிருக்கிறோம்" என்று எத்தனை வருஷம் வேண்டுமானாலும் சொல்லலாம் என்று நான் சொல்லவில்லை. 2023 உலகக் கோப்பையில், சொந்த மண்ணில், காலிறுதிக்கே போகாதபோது அதே ரீடைக் கேள்வி கேட்டார்கள். அதில் நியாயம் இருந்தது. அப்போது அவர் கையில் இருந்தது வளர்ந்துகொண்டிருந்த அணி இல்லை, ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய அணி.