ஆம் ஐயா, டோர்ச்தான்

இரண்டு நாட்கள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் காணொளியைப் பார்க்காதவர் இனித் திருகோணமலையில் இல்லை என்பதால் முழுக் கதையைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. பிறந்த பிள்ளையின் மூளையில் ஒட்சிசன் எவ்வளவு என்று ஒளியால் அளக்கும் கருவியைப் பற்றிய பேச்சு. "பச்சைப்பிள்ளையின் தலையில் டோர்ச் அடித்து மூளை பார்க்கிறார்களாம்" என்று ஐயா மைக்கில் சொன்னாரே, மண்டபமே குலுங்கியதே, அதைப் பற்றித்தான்.

ஆம் ஐயா, டோர்ச்தான். மின்சாரம் போன இரவில் டோர்ச்சை உள்ளங்கையால் பொத்தி விளையாடாத பிள்ளை நம் ஊரில் உண்டா? விரல்கள் சிவப்பாக ஒளிரும். சிவப்பு சதையைக் கடந்துவிடும். அதற்குச் சற்று அப்பால் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி இன்னும் ஆழம் போகும். பிறந்த பிள்ளையின் மண்டையோடு மெல்லியது. நெற்றியில் ஒட்டிய பட்டையிலிருந்து உள்ளே போன ஒளி எவ்வளவு திரும்பி வருகிறது என்று அளந்தால், மூளையின் இரத்தத்தில் ஒட்சிசன் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஒட்சிசன் ஏற்றிய இரத்தமும் இறக்கிய இரத்தமும் ஒளியை ஒரே மாதிரி விழுங்குவதில்லை. யோப்சிஸ் என்பவர் 1977இலேயே காட்டிய வழி இது. கொரோனாக் காலத்தில் உங்கள் விரலில் மாட்டினார்களே ஒரு கிளிப், அதன் உறவுக்காரன். அப்போது யாரும் சிரித்ததாக ஞாபகம் இல்லை.

என் மகன் பிறந்தவுடன் அழவில்லை. பிறகு மெல்ல முனகினான். மறுநாள் முழுவதும் தூக்கம், பாலுக்குக்கூட எழும்பவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "எவ்வளவு அமைதியான பிள்ளை, கொடுத்து வைத்தவள்" என்றார்கள். நானும் பெருமைப்பட்டேன். எந்த வைத்தியசாலை என்று உள்பெட்டியில் கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். அங்கிருந்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். உள்ளே பார்க்க அவர்களிடம் எதுவும் இருக்கவில்லை. நான் சொல்வது இவ்வளவுதான்: அமைதியான பிள்ளை எல்லாம் நலமான பிள்ளை அல்ல.

"சேலைனுக்கே வழியில்லாத நாட்டில்" என்று தொடங்குவீர்கள். சேலைனை விற்று இதை வாங்குங்கள் என்று யார் சொன்னது? அதே மண்டபத்துக்கு ஏசி பூட்டியபோது இந்தக் கணக்கு ஏன் வரவில்லை?

படித்த தம்பி ஒருவர் 2023ஆம் ஆண்டு ஆய்வைக் கொண்டுவந்து போட்டார். 1601 குறைமாதப் பிள்ளைகள். இக்கருவியைப் பார்த்துப் பார்த்து வைத்தியம் செய்தும் பலன் கூடவில்லை. உண்மைதான். ஆனால் அவை 28 வாரம் நிறையுமுன் பிறந்த பிள்ளைகள், தம்பி. நான் பேசுவது மாதம் நிறைந்து, பிரசவத்தில் மூச்சுத் திணறிய பிள்ளையைப் பற்றி. அப்படிப்பட்ட பிள்ளைக்கு முதல் நாள் கழிந்தபின் மூளையின் ஒட்சிசன் அளவு உயர்ந்தே நின்றால் அது பெரும்பாலும் நல்ல செய்தி அல்ல. பந்தியில் சோறு குவிந்து கிடக்கிறது, உண்ணத்தான் ஆளில்லை. காயப்பட்ட மூளைக் கலங்கள் ஒட்சிசனைச் சரியாக எடுப்பதில்லை. அழாத பிள்ளை சொல்லாததை அந்த ஒளி சொல்லும்.

"தெரிந்து என்ன செய்வாய்?" இதுதான் என்னைச் சுட்ட கேள்வி. பணக்கார நாடுகளில் இப்படிப்பட்ட பிள்ளையின் மூளையைக் காக்க, பிறந்து ஆறு மணித்தியாலத்துக்குள் தொடங்கி 72 மணித்தியாலம் உடலைக் குளிர்விக்கிறார்கள். இந்தியா, இலங்கை, வங்காளதேசத்தில் செய்த ஆய்வில் அது உதவவில்லை, இறப்புத்தான் கூடியது என்று 2021இல் வந்தது. தெரியும், வாசித்தேன். அந்த ஒளி அளக்கும், வைத்தியம் செய்யாது என்பதும் தெரியும். ஆனால் நான் பிசியோதெரபிக்குப் போனது அவனுக்குப் பதினான்கு மாதமானபோது. அதுவரை "ஆண்பிள்ளை மெதுவாகத்தான் இருப்பான்" என்று காத்திருந்தேன். அந்தப் பதினான்கு மாதத்தை யார் தருவீர்கள்?

கிளினிக் வாங்கில் வெருகலிலிருந்து வந்த அம்மா, கிண்ணியாவிலிருந்து வந்த உம்மா, நான். மூன்று பேரிடமும் ஊர் கேட்டது ஒரே கேள்வி: வயிற்றில் இருக்கும்போது என்ன செய்தாய்? கிரகணத்தில் வெளியே போனாயா? எதைத் தின்றாய்? தாயின் வயிற்றுக்குள் டோர்ச் அடித்துப் பார்ப்பதற்கு மட்டும் உங்களுக்குக் கருவியே தேவைப்படவில்லை.

காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். முன்வரிசையில் சிரித்தவர்களில் மூன்று பேர் போன மாதம் என் மகனின் பிறந்தநாளுக்கு வந்து கேக் சாப்பிட்டவர்கள். பெயர் எழுதவில்லை.