வெளுப்பா இருந்தா பண்ணை முட்டையா?

காரைக்குடிச் சந்தையில நாட்டு முட்டை விக்கிற ஒரு ஆச்சியை மடக்கி எடுத்த வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீங்க. கூடையில நாலஞ்சு முட்டை வெளுப்பா இருந்துச்சாம். உடனே "பண்ணை முட்டையை நாட்டு முட்டைன்னு விக்குது"ன்னு தீர்ப்பு.

வீடியோ எடுத்த ஐயா, ஓட்டு நிறம் கோழியோட இனத்தைச் சொல்லும். அது மேய்ஞ்சுதா, கூண்டுல கிடந்துதான்னு சொல்லாது. ஓடு உருவாக ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகும். அது சுண்ணாம்பு, அதனால வெள்ளை. சில இனங்களுக்கு மட்டும் கடைசிச் சில மணி நேரத்துல மேலே பழுப்பு ஏறும். நாமக்கல் பண்ணைகள்ல பெரும்பாலும் லெகார்ன்ங்கிற கோழி இனத்தோட வழிவந்தது, வெள்ளை முட்டை. பழுப்பு முட்டை இடுற கலப்பினத்தையும் அதே கூண்டுல, அதே தீவனத்துல வளர்க்கலாம், வளர்க்கவும் செய்யறாங்க. கோழி எப்படி வளர்ந்துதுங்கறதுக்கு நிறம் சாட்சி இல்லை.

நம்ம கொல்லையில திரியுறது ஒரே ரத்தம் இல்லை. ஒண்ணு சந்தன நிறத்துல இடும், ஒண்ணு இளம்பழுப்பு, இன்னொண்ணு கிட்டத்தட்ட வெள்ளை. ஆச்சி கூடையில ஒரு முட்டை போல இன்னொரு முட்டை இல்லையே, அதைக் கவனிச்சீங்களா? ஒரு தராசுல வெச்சிருக்கலாம்: நாட்டு முட்டை 40 கிராமைச் சுத்தி நிக்கும், பண்ணை முட்டை 55ஐத் தொடும். ஆனா தராசு வெச்சா வீடியோ ஓடாதே.

"மஞ்சக்கரு ஆரஞ்சா இருந்தாத்தான் நாட்டு முட்டை"ன்னு ஒருத்தர் வருவார். அது தீவனம். கீரை, மக்காச்சோளம் தின்னா நிறம் கூடும். தீவனத்துல செண்டுமல்லிச் சாறு கலந்தாலும் கூடும். "சேவல் இல்லாம முட்டையா"ன்னு கேக்குறவருக்கு: முட்டை வரும், குஞ்சுதான் வராது. ரத்தப்பொட்டும் குஞ்சு இல்லை, கோழியோட சினைப்பையிலிருந்து மஞ்சக்கரு வெளிவரும்போது வெடிச்ச சின்ன ரத்தநாளம். எடுத்துப் போட்டுட்டுப் பொரிங்க.

"பண்ணைக்காரனுக்கு வக்காலத்தா?" இல்லைங்க. பண்ணைக் கோழி வருஷத்துக்கு 300 முட்டை வரைக்கும் இடுறது ஊசியால இல்லை. இனத் தேர்வு, அளந்த தீவனம், நாளைக்கு 16 மணி நேர வெளிச்சம். நாட்டுக்கோழி பத்துப் பன்னிரண்டு இட்டதும் அடைக்கு உக்காந்துரும். அதனாலதான் ஆச்சி கூடையில முப்பது சேர நாளாகுது, விலையும் கூட. அதுல பேரம் பேசி ரெண்டு ரூபாய் குறைச்சுட்டு, அப்புறம் கேமராவைத் தூக்கினீங்க.

பளபளக்கற கடையில, அட்டைப்பெட்டி மேல கோழிப் படம் போட்டு, ஒரே அளவுல ஒரே பழுப்புல அடுக்கி "நாட்டு முட்டை"ன்னு விக்கிறாங்களே, அங்க ஏன் ஒரு கேள்வியும் வரலை? அங்க குளிர்சாதனம் ஓடுதுங்கறதாலயா?