ரயில் எஞ்சினை முதலில் ஓட்டியவர் ஸ்டீபன்சன் அல்ல

“ரயில் எஞ்சினைக் கண்டுபிடித்தவர் ஜார்ஜ் ஸ்டீபன்சன், 1825” என்று பொது அறிவுப் பட்டியல்களில் இன்னும் சுற்றுகிறது. தவறு. ஆங்கிலப் பொறியாளர் ரிச்சர்ட் ட்ரெவிதிக்கின் எஞ்சின் 1804 பிப்ரவரி 21 அன்றே வேல்ஸின் பெனிடாரனில் 10 டன் இரும்பையும் 70 பேரையும் இழுத்து ஓடிவிட்டது. எஞ்சினில் குறையில்லை, வார்ப்பிரும்புத் தண்டவாளம்தான் அதன் எடை தாங்காமல் உடைந்தது. தேனிரும்புத் தண்டவாளம் வந்த பிறகு ஸ்டீபன்சனுக்கு அந்தச் சிக்கல் இல்லை. அவர் பெரிய பொறியாளர்தான், ஆனால் முதலாமவர் அல்ல.

ட்ரெவிதிக் மறக்கப்பட இன்னொரு காரணம், 1816இல் அவர் பெருவுக்குக் கப்பலேறியது. அங்கே செர்ரோ தெ பாஸ்கோ வெள்ளிச் சுரங்கங்களில் வெள்ளம்; நீரை இறைக்க நீராவி எஞ்சின் தேவைப்பட்டது. 4,300 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 40 சதவீதம் குறைவு. ஜேம்ஸ் வாட்டின் எஞ்சின், ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தமே உள்ள நீராவியால் இயங்குவது. அந்த உயரத்தில் அதன் பலம் வெகுவாகக் குறைந்துவிடும். ட்ரெவிதிக்கின் எஞ்சினிலோ உயரழுத்த நீராவியே பிஸ்டனைத் தள்ளும். உருவிலும் சிறியது; பிரித்துக் கோவேறு கழுதைகள் மேல் ஏற்றலாம்.

பெருவின் விடுதலைப் போர் அந்தச் சுரங்க வேலையைக் குலைத்தது. 1827இல் கொலம்பியாவின் கார்ட்டஹேனா துறைமுகத்தில் கையில் காசின்றி நின்றவருக்கு, ஊர் திரும்ப 50 பவுண்டு கொடுத்தவர் ராபர்ட் ஸ்டீபன்சன், ஜார்ஜின் மகன்.