ஐயா கேட்டது இந்தியாவைப் பற்றித்தானே?

வியாழக்கிழமை கொழும்பில் ஒரு கருத்தரங்கில் வயதான ஒரு தமிழ் ஐயாவின் கேள்வியைத் தட்டிவிட்டதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நேற்றிரவு ஒரு நண்பர், "அந்த ஐயா தேவையில்லாமல் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார்" என்று பதிவு போட்டிருக்கிறார். நான் அந்த மண்டபத்தில் இரண்டாம் வரிசையில் இருந்தவன். உணர்ச்சிவசப்பட்டது ஐயா இல்லை.

தலைப்பு, இந்தியாவின் குடியுரிமைத் திருத்தச் சட்டம். நடத்தியது, சமகால இந்தியாவை ஆராய்வதற்கென்றே கொழும்பில் இருக்கும் ஒரு பல்கலைக்கழக மையம். பேச்சாளர் நன்றாகத்தான் பேசினார். 2019இல் சட்டம் வந்தது, பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு மட்டும் குடியுரிமைக்கு வழி திறந்தது, அதிலும் முஸ்லிம்களை விட்டது, 2024 மார்ச்சில் விதிகள் வெளியானது, அசாமில் ஏன் எதிர்ப்பு, டெல்லியில் ஏன் எதிர்ப்பு, எல்லாம் சொன்னார். தமிழ்நாட்டுப் பக்கம் மட்டும் வரவில்லை. கொழும்பிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல் பறந்தால் சென்னை. அதற்குப் பெரிய ஆய்வு தேவையில்லையோ என்னவோ.

கேள்வி நேரத்தில் ஐயா எழுந்தார். அமைதியாக, நல்ல ஆங்கிலத்தில் கேட்டார்: 1983இலிருந்து தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழர்கள் ஏன் இந்தச் சட்டத்துக்குள் வரவில்லை? தலைமை வகித்தவர் சிரித்துக்கொண்டே, "இது இந்தியா பற்றிய நிகழ்வு, நமது உள்நாட்டு அரசியலை இங்கே கொண்டுவர வேண்டாம்" என்றார். மைக் அடுத்த ஆளுக்குப் போய்விட்டது.

ஐயா கேட்டது இந்தியாவைப் பற்றித்தானே? இந்தியப் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டம். இந்திய மாநிலத்தில் இருக்கும் முகாம். அதில் உள்நாடு எங்கிருந்து வந்தது? கேட்டவரின் பெயரிலிருந்து வந்தது. வேறெங்கிருந்தும் இல்லை.

என் பெரியம்மா கோத்தகிரியில் இருக்கிறார். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்திய வம்சாவளி மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா எடுப்பது, 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்வது என்று பிரித்தார்களே, அதில் அந்தப் பக்கம் போனவர். ஹட்டனில் ஒப்பாரிக் கோச்சி என்று நாங்கள் சொல்லும், அழுதுகொண்டே வழியனுப்பிய அந்த ரயிலில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறிப் போனார். இப்படிப் போனவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் தமிழ்நாடு அரசு டான்டீ தேயிலைத் தோட்டங்களை நடத்தியது. அங்கேயும் கொழுந்துதான், அங்கேயும் லைன் வீடுதான். 2022இல் டான்டீ நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்கப் போவதாக அறிவிப்பு வந்தபோது பெரியம்மா வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார். "ஏன்டா தம்பி, நீ யூனிவர்சிட்டி பக்கமெல்லாம் போறவன், எங்கள இங்கருந்தும் கௌப்பிருவாங்களா?" ஒரு கையில் போன், மறு கையில் அரிசி களைந்துகொண்டிருந்தார். எனக்குப் பதில் தெரியவில்லை. இது சமகால இந்தியா இல்லையென்றால் எது சமகால இந்தியா?

"சரி, உங்களுக்குச் சொந்தக் கதை இருக்கிறது, ஆய்வுக்கு நடுநிலை வேண்டுமே" என்பீர்கள். கேட்டுப் பழகிய வசனம்தான். சில வருடங்களுக்கு முன் இதே மாதிரி ஒரு இடத்தில் ஆய்வு உதவியாளர் வேலைக்கு நேர்முகத்துக்குப் போனேன். மூன்று பேர் இருந்தார்கள். தமிழ் வாசிப்பீர்களா என்று ஒருவரும் கேட்கவில்லை. "இந்தியா விஷயத்தில் பக்கம் சாராமல் எழுத முடியுமா?" என்று மட்டும் கேட்டார்கள். எனக்கு முன்னால் உள்ளே போய் வந்தவரிடம் விசாரித்தேன். அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லையாம். வெளியே மேசையில் பற்றிஸும் பிளேன்டீயும் வைத்திருந்தார்கள். சாப்பிடாமல் பஸ் ஏறினேன்.

இன்னொருவர் உள்பெட்டியில் வந்து, நேரமில்லாமல்தான் நிறுத்தியிருப்பார்கள் என்கிறார். அடுத்து வந்த கேள்வி இந்திய கிரிக்கெட் வாரியத்தின் அதிகாரம் பற்றி. அதற்குப் பத்து நிமிடம் இருந்தது.

"2025 செப்டம்பரில் இந்தியா விலக்குக் கொடுத்துவிட்டதே" என்று ஒரு தம்பி இணைப்பு அனுப்பியிருக்கிறார். பார்த்தேன் தம்பி. 2015 ஜனவரி 9 வரை அங்கே போய்ப் பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காகத் தண்டனை கிடையாது. நல்லதுதான். அது பிரஜாவுரிமை ஆகுமா? இதைத்தான் ஐயா அன்று விளக்கியிருப்பார், மைக் கையில் இருந்திருந்தால்.

சிங்கள நண்பர்கள் கோபிக்க வேண்டாம், உங்களில் இருவர்தான் கூட்டம் முடிந்ததும் ஐயாவிடம் போய்ப் பேசினீர்கள். அந்த மையத்தில் படிக்கும் பிள்ளைகளிலும் எனக்குக் குறையில்லை. ஆனால் இந்தியாவை ஆராயும் ஒரு இடத்தின் வாசிகசாலையில் தமிழ்நாட்டுப் பத்திரிகை ஒன்றாவது கிடக்க வேண்டாமா? மேசையில் கிடந்தது எல்லாம் டெல்லியிலிருந்து வரும் ஆங்கிலச் சஞ்சிகைகள். தமிழ்நாட்டில் என்ன நடக்கிறது என்று காலையில் பேப்பரைப் பார்த்தே சொல்லக்கூடிய லட்சக்கணக்கான பேர் இந்தத் தீவில் இருக்கிறோம். இந்தியாவை ஆராய எங்களை விட வசதி யாருக்கு? எங்களைத்தான் பக்கச்சார்பு என்கிறார்கள்.

இந்தியாவோடு நிற்கும் கதையும் இல்லை இது. 2021இல் சட்டமா அதிபர் திணைக்களத்தில் சீன உதவியோடு திறந்த நூலகத்தின் பெயர்க்கல் ஞாபகம் இருக்கிறதா? சிங்களம், ஆங்கிலம், சீனம். சத்தம் போட்ட பிறகுதான் அதைக் கழற்றினார்கள். யார் வந்தாலும் எங்களுக்குத்தான் இடம் போதாமல் போகிறது. சரி, விடுங்கள், அதைப் பேசினால் இன்றைக்கு முடியாது.

மையத்தின் யூடியூப்பில் நிகழ்ச்சியை ஏற்றியிருக்கிறார்கள். கேள்வி நேரத்தில் ஐயா வரும் பகுதி இல்லை, கிரிக்கெட் இருக்கிறது. அடுத்த கருத்தரங்கு இந்தியாவின் கடல் கொள்கையாம். எங்கள் கடலுக்குள் வந்து மீன் அள்ளும் இந்திய இழுவைமடிப் படகுகளைப் பற்றிக் கேட்க மன்னாரிலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள். ஐயாவும் வருகிறார். அது எந்த நாட்டு அரசியல் என்று அன்றைக்குச் சொல்வார்கள்தானே.